சர்க்கரை பூசிய மின்வாய்: நோய்க்கிருமியின் கத்தரிக்கோலைக் கண்டறியும் கருவி

நீரிழிவு நோயுடையோர் விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தத்தை எடுத்துச் சிறு பட்டையில் வைத்து, சில விநாடிகளில் சர்க்கரையின் அளவை அறிந்துகொள்வதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இம்முறைக்கு 1962ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் ஆகிய இருவரும் வழிகாட்டினர். மின்சாரம் பாயும் உலோக முனைக்கு மின்வாய் என்று பெயர். அதன்மீது சர்க்கரையோடு மட்டும் வினைபுரியும் ஒரு நொதியை வைத்தால், அவ்வினையின் அளவு மின்னோட்டத்தில் தெரியும் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

அப்பட்டையில் பூசப்பட்டிருப்பது நொதி; தேடப்படுவது சர்க்கரை. இதைத் தலைகீழாக மாற்றி, மின்வாயில் சர்க்கரையைப் பூசி, நோய்க்கிருமியின் நொதியைத் தேடினால் என்ன? இக்கேள்வியிலிருந்து ஓர் ஆராய்ச்சித் துறை வளர்ந்து வருகின்றது. நம்மிடையே அடிக்கடி வந்துபோகும் இன்ஃபுளூவென்சா காய்ச்சலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

உயிரணுவின் சர்க்கரைப் போர்வை

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் நுண்ணிய சர்க்கரைச் சங்கிலிகள் போர்வைபோல் மூடியுள்ளன. இவை நாம் தேநீரில் கலக்கும் சர்க்கரை அல்ல. ஆயினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இச்சங்கிலிகள் பலவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் என்னும் அமிலத்தன்மையுள்ள சர்க்கரை அமர்ந்திருக்கிறது.

இன்ஃபுளூவென்சா வைரஸ் மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 10,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். அதன் மேற்பரப்பில் இரண்டு முக்கியப் புரதங்கள் உள்ளன. ஒன்று, சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு உயிரணுவினுள் நுழைய உதவும் ஹீமக்ளூட்டினின். மற்றொன்று, அந்தச் சியாலிக் அமிலத்தையே வெட்டி எடுக்கும் நியூராமினிடேஸ் என்னும் நொதி. 'எச்1என்1', 'எச்5என்1' என்று செய்திகளில் படிக்கிறோமே, அவற்றிலுள்ள 'எச்' முன்னதையும் 'என்' பின்னதையும் குறிக்கும்.

பற்றிக்கொள்ளும் வைரஸுக்கு வெட்டும் நொதி எதற்கு? உயிரணுவுக்குள் பெருகிய புதிய வைரஸ்கள் வெளியே வரும்போது, அதே சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கட்டை வெட்டினால்தான் அவை அடுத்த உயிரணுவுக்குச் செல்ல இயலும். மேலும், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளியிலும் இச்சர்க்கரை நிறைந்திருப்பதால், அதில் சிக்காமல் வழி ஏற்படுத்திக்கொள்ளவும் இக்கத்தரிக்கோல் வைரஸுக்குத் தேவைப்படுகிறது.

இவ்வுண்மை எளிதில் கிட்டவில்லை. 1941இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹர்ஸ்ட், இவ்வைரஸ் கோழியின் இரத்தச் சிவப்பணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டார். பின்னர் அவ்வணுக்களிலிருந்து வைரஸ் தானே விடுபடுவதையும், அதன்பின் அதே அணுக்களில் மீண்டும் ஒட்ட முடியாததையும் கவனித்தார். அணுவின் மேலிருந்த ஏதோ ஒன்றை வைரஸ் அழித்துவிட்டது என்பது புலனாயிற்று. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஆல்ஃபிரட் கொட்ஷாக், 1957இல் அந்நொதிக்கு நியூராமினிடேஸ் என்று பெயரிட்டார். காலரா கிருமியிடமும் இத்தகைய நொதி உண்டு என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

கருவி வேலை செய்யும் விதம்

முதலில் மெல்லிய தங்கப் பரப்பு ஒன்றை மின்வாயாக அமைக்கின்றனர். தங்கத்தோடு கந்தகம் உறுதியாகப் பிணையும். ஆதலால், ஒரு நுனியில் கந்தகமும் மறுநுனியில் சியாலிக் அமிலமும் கொண்ட சங்கிலிகளை அதன்மீது பதிக்கின்றனர். தங்கத்தின்மேல் சர்க்கரைப் புல்வெளி ஒன்று முளைத்ததுபோல் ஆகிவிடுகிறது. வைரஸின் கண்ணுக்கு அது ஓர் உயிரணுவின் மேற்பரப்பே.

சியாலிக் அமிலம் எதிர் மின்னூட்டம் உடையது. கரைசலில் ஃபெரிசயனைடு என்னும் மற்றோர் எதிர் மின்னூட்டப் பொருளைக் கலக்கின்றனர். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால், ஃபெரிசயனைடு தங்கத்தை எளிதில் நெருங்க இயலாது. மின்னோட்டம் குறைவாக இருக்கும். இப்போது நியூராமினிடேஸ் உள்ள மாதிரியை இட்டால், அது சியாலிக் அமிலத்தை வெட்டி வீழ்த்தும். தடை தளர்ந்து மின்னோட்டம் உயரும். எவ்வளவு விரைவாக உயர்கிறதோ, அவ்வளவு சுறுசுறுப்பாக நொதி இயங்குகிறது என்று பொருள்.

தோட்ட ஸ்டோரில் பாலை அளக்கும் மெட்ரோலாக் கருவியை நாம் அறிவோம். அது பாலிலுள்ள ரப்பரைப் பிரித்தெடுத்துக் காட்டுவதில்லை; தான் மிதக்கும் உயரத்தால் ரப்பரின் அளவை உணர்த்துகிறது. அவ்வாறே இம்மின்வாயும் கண்ணுக்குத் தெரியாத நொதியின் செயலை மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வால் உணர்த்துகிறது. ஒளியைக் கொண்டு அளக்கும் பழைய முறைகளுக்குத் தெளிந்த கரைசல் வேண்டும். மின்சாரமுறையோ கலங்கிய மாதிரியிலும் இயங்க வல்லது. மிகச் சிறிய துளியே போதுமானது.

மருந்தைச் சோதிக்கும் உரைகல்

1983இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி பீட்டர் கோல்மனும் அவருடைய குழுவினரும் இந்நொதியின் வடிவத்தைக் கண்டறிந்தனர். அதன் வெட்டுவாயில் சிக்கிக்கொள்ளும் போலிச் சர்க்கரைபோன்ற மருந்துகள் அதன்பின் உருவாக்கப்பட்டன. சனாமிவிர், ஒசல்டாமிவிர் ஆகிய இரண்டும் 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

ஆயினும் வைரஸ் தன் உருவை மாற்றிக்கொள்ள வல்லது. 2007ஆம் ஆண்டின் இறுதி முதல் 2009 வரை பல நாடுகளில் பரவிய எச்1என்1 வைரஸில், நொதியின் ஒரே ஓர் உறுப்பு மாறியதனால் ஒசல்டாமிவிர் பயனற்றுப் போயிற்று. 2009இல் உலகெங்கும் பரவிய புதிய எச்1என்1 வைரஸுக்கு அம்மருந்து பெரும்பாலும் பயன்பட்டது. அடுத்து வருவது எவ்வாறிருக்கும் என்பதை முன்கூட்டி அறிய, நொதியையும் மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்திச் சோதிப்பது அவசியமாகிறது. மின்வாயில் நொதியோடு மருந்தையும் சேர்த்து இட்டால், மின்னோட்டம் உயராவிடில் மருந்து வென்றது. வழக்கம்போல் உயர்ந்தால் நொதி வென்றது.

இக்கருவிக்கும் குறைகள் உண்டு. இத்தகைய நொதிகள் சில பாக்டீரியாக்களிடமும், நம் உடலிலுமேகூட உள்ளன. ஆகவே, மின்னோட்டம் உயர்ந்ததனாலேயே இன்ஃபுளூவென்சா என்று முடிவு கட்டலாகாது. சளியிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்கள் மின்வாயில் படிந்து அளவைக் கெடுப்பதும் உண்டு. எனவே, இது முதன்மையாக ஆய்வுக்கூடத்திற்கு உரிய கருவியே.

நாம் செய்யத்தக்கது

இவ்வாராய்ச்சியிலிருந்து நம் வீட்டிற்கும் பாடம் உண்டு. வைரஸின் வெட்டும் நொதியைத் தடுக்கும் மருந்து, காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட்டால்தான் மிகுந்த பயன் தரும். வைரஸ் பெருகிப் பரவியபின் கத்தரிக்கோலைப் பறிப்பதில் ஆதாயம் குறைவு. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளோ இன்ஃபுளூவென்சாவைத் தொடுவதே இல்லை. அவற்றைக் கேட்டு வாங்கி விழுங்குவது வீண்.

டெங்கியும் எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் தொடக்கத்தில் இதேபோன்று தோன்றக்கூடும். ஆதலால், 'சாதாரணக் காய்ச்சல்தான்' என்று லயத்திலேயே படுத்திராமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நீரிழிவும் ஆஸ்துமாவும் இருதய நோயும் உடையோர் ஆகியோருக்கு இன்ஃபுளூவென்சா உயிராபத்தை விளைவிக்கலாம். மூச்சுத்திணறல் கண்டால் ஒரு நாழிகையும் தாமதித்தல் கூடாது. வைரஸ் ஆண்டுதோறும் மாறுவதால் தடுப்பூசியும் ஆண்டுதோறும் போடப்படுகிறது. மேற்கூறியோர் மருத்துவரின் ஆலோசனைப்படி அதனைப் பெறுவது நன்று.

கிருமியின் ஆயுதத்தை ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் அளந்து வருகின்றனர். அவர்கள் கண்ட பயன் நம் குடும்பத்தை வந்தடைய, காலத்தோடு மருந்தகத்தின் படியேறுவது நம் கடமை.