பம்பை எங்கே வைப்பது?

வேளச்சேரியில் உள்ள நான்கு மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரையடித் தொட்டியிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குச் சுமார் 13 மீட்டர் உயரம். பம்பை மாடியில் வைத்து நீரை இழுக்கலாமா? முடியாது! ஏன் தெரியுமா?

உண்மையில் பம்பு நீரை இழுப்பதில்லை. உறிஞ்சு குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது; அவ்வளவே. தொட்டி நீரை மேலிருந்து அழுத்தும் வளிமண்டலமே அதைக் குழாயில் ஏற்றுகிறது.

வளிமண்டலம் 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் என்பது டாரிசெல்லியின் சோதனை. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆகவே நீர் ஏறக்கூடிய உயரம் 0.76 × 13.6 = 10.3 மீட்டர். குழாயில் முழு வெற்றிடம் இருந்தாலும் அதற்கு மேல் ஏறாது. குழாய் உராய்வு முதலியவற்றால் நடைமுறையில் சுமார் 7 மீட்டரே கிட்டும்.

மேலே தள்ளுவதற்கு இந்த எல்லை கிடையாது. அதனால்தான் பம்பைக் கீழே, தொட்டிக்கு அருகில் வைக்கிறோம்.

கோடையில் கிணற்று நீர் பம்பிலிருந்து 7 மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டால், அதிகக் குதிரைத்திறன் உள்ள மோட்டார் வாங்கியும் பயனில்லை. பம்பைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். அல்லது நீர்மூழ்கிப் பம்பு பொருத்த வேண்டும்.

உங்கள் வீட்டுப் பம்பு நீர்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? பெரியவர் துணையுடன் அளந்து பாருங்கள்!