கடல்நீர்த் தொட்டியும் அதன் பம்பும்



கல்வராயன் மலையில் பெய்கின்ற மழை, கோமுகி, மணிமுக்தா என்னும் ஆறுகளாக இறங்கி, நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை நனைத்து, வெள்ளாற்றோடு கலந்து, பரங்கிப்பேட்டையை அடுத்துக் கடலிலே சேருகிறது. அந்த முகத்துவாரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அமைந்திருக்கிறது. நம் மலைநீர் கடலுக்குச் செல்லும் வழி இது. கடலே நம் ஊருக்கு வரவேண்டுமானால் அதற்கு வழி யாது? கண்ணாடித் தொட்டிதான். கோமாளி மீன் முதலிய சில கடல்மீன்களைப் பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் ஆய்வாளர்கள் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்திருக்கிறார்கள். ஆகவே, கடலைப் பாராத ஊர்ப் பள்ளியிலும் இன்று கடல்மீன் வளர்க்க இயலும். பவழத்தைக் கடலிலிருந்து பெயர்த்து வருவது மட்டும் கூடாது. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே ஒரு மீன் காட்சிசாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. நமக்கோ, லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கலவை உப்பைக் கரைத்துச் செய்த நீரே கடல். அதைத் தேங்கவிடாமல் இரவும் பகலும் ஓடச் செய்வது பம்பு. இத்தொட்டியில் மீனின் உயிர் பம்பைத்தான் நம்பியிருக்கிறது. ஆயினும் வாங்குகிறவர்கள் மீனின் நிறத்தைப் பார்க்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பம்புக்குக் கொடுப்பதில்லை!

நீர் ஏன் ஓடவேண்டும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். உப்பு மிகுந்தால் நீரில் கரையும் பிராணவாயு குறையும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சற்றேறக்குறைய 8.2 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். அதே அளவு கடல்நீர் 6.7 மில்லிகிராமே தாங்கும். வெப்பம் ஏற ஏற இந்தச் சிறு இருப்பும் கரையும். சித்திரை மாதத்துக் கள்ளக்குறிச்சி வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிராணவாயு நீருக்குள் புகும் வாசல் மேற்பரப்பு ஒன்றே. அடிநீர் மேலே வந்து காற்றைத் தொட்டுத் திரும்பினாலன்றி அது மூச்சற்ற நீராகிவிடும். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்ற நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு தேவை. ஓட்டம் நின்றால் மீனும் திணறும், அதன் கழிவை அகற்றும் தோட்டியும் திணறும்.

இத்தொட்டியில் பம்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. தொட்டிக்குக் கீழேயுள்ள வடிகட்டித் தொட்டியிலிருந்து நீரை மேலே ஏற்றுவது ஒன்று. தொட்டிக்குள்ளேயே நீரை அலைக்கழிப்பது மற்றொன்று. ஏற்றும் பம்புக்கு உயரம் கடக்கும் வலிமை வேண்டும். அலைக்கழிக்கும் பம்பு எந்த உயரத்துக்கும் ஏற்றுவதில்லை. மிகுந்த நீரை மெல்லத் தள்ளினால் போதும். ஒன்றைக் கொண்டு மற்றதன் வேலையையும் வாங்க முயல்வது சிக்கனமன்று.

ஏற்றும் பம்பைத் தெரிந்தெடுப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கிணற்றுக்கு மோட்டார் வாங்கச் செல்லும் நம் உழவர் முதலில் ஆழத்தைச் சொல்வார். பிறகுதான் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவார். அந்த அறிவு தொட்டிக்கும் பொருந்தும். பம்பின் பெட்டிமீது, மணிக்கு 2000 லிட்டர் என்றும் உயரம் 2 மீட்டர் என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் உண்மையே, ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் கிடைப்பவை அல்ல. 2000 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது வரும் நீர். 2 மீட்டர் என்பது ஒரு சொட்டும் விழாமல் நீர் குழாயிலேயே நின்றுவிடும் உயரம். இடைப்பட்ட உயரங்களில் நீர் படிப்படியாகக் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 சென்டிமீட்டர் நீளமும், 45 அகலமும், 45 உயரமும் உள்ள தொட்டி 243 லிட்டர் கொள்ளும். அந்த நீர் மணிக்கு ஐந்து முறை வடிகட்டிக்குச் சென்று திரும்ப வேண்டுமெனில், மணிக்கு ஏறத்தாழ 1200 லிட்டர் வேண்டும். ஏற்ற வேண்டிய உயரம் 1.3 மீட்டர் என்று கொள்வோம். மேற்சொன்ன பம்பு அந்த உயரத்தில், தோராயமாக, 700 லிட்டரே தரும். 3 மீட்டர் உயரமும் 3000 லிட்டரும் குறித்த பம்பு 1700 லிட்டர் தரும். வளைவுகளிலும் குழாயின் உராய்விலும் கொஞ்சம் போனாலும் நம் தேவை நிறைவேறும். நேர்கோடாகக் கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் அது ஒரு வளைகோடு. நல்ல உற்பத்தியாளர்கள் அந்த வளைகோட்டையே அச்சிட்டுத் தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அளவுக்கு மீறிய பம்பும் நன்மை செய்யாது. நீருக்குள் மூழ்கி ஓடும் பம்பு உண்ணும் மின்சாரம் அனைத்தும் முடிவில் அந்நீருக்கே வெப்பமாகச் சேரும். 40 வாட் பம்பு இந்தத் தொட்டியை, வெப்பம் வெளியேறாது என்று கொண்டால், மணிக்கு ஏறக்குறைய 0.15 டிகிரி சூடாக்கும். பத்து மணி நேரத்தில் ஒன்றரை டிகிரி! ஆவியாதலால் ஒரு பகுதி வெப்பம் கழிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் கோடையில் அதை நம்பியிருத்தல் தகாது.

இனி, பம்பு எதனால் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் தொட்டி வைத்த இரண்டாம் வாரத்தில் இறால்கள் இறந்தன; அடுத்து நத்தைகள் இறந்தன; கடற்சாமந்தி சுருங்கிப் போயிற்று. மீன்கள் மட்டும் ஒன்றும் நேராததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. உப்பைச் சோதித்தார்கள், அம்மோனியாவைச் சோதித்தார்கள், குறை காணவில்லை. மீன் பிழைத்து முதுகெலும்பற்ற உயிர்கள் மாள்வது ஒரு குறிப்பு என்பதை அங்கிருந்த விலங்கியல் ஆசிரியர் உணர்ந்தார். பம்பைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பித்தளைச் சுழலி இருந்தது. தோட்டத்துக்கென்று செய்த பம்பு அது. கடல்நீர் பித்தளையை அரிக்கும். தாமிரம் நீரில் கரையும். மீன் தாங்கிக்கொள்ளும் அளவுத் தாமிரமே இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சாகிவிடும். ஆதலால் நீர்படும் இடத்தில் பிளாஸ்டிக்கும் பீங்கானுமே இருக்கவேண்டும். கடல்நீர்த் தொட்டிக்குரிய பம்புகளில், காந்தம் பொருத்திய சுழலி ஒரு பீங்கான் அச்சில் நீருக்குள் சுழலும். மின்சுருள் பிசினால் மூடப்பெற்று நீர்படாமல் தனியே இருக்கும். இரண்டையும் இணைப்பது காந்தப்புலம் மட்டுமே.

மின்சாரம் நிற்பதைப் பற்றி எவரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. பம்பு நின்ற கணத்தில், மேலே சென்ற குழாய் திரும்பி இறங்கும் குழாயாகிவிடும். அதன் வாய் நீர்மட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால், நமது தொட்டியிலிருந்து 16 லிட்டர் கீழ்த்தொட்டிக்கு வந்துசேரும். அங்கே இடமில்லையேல் அது வகுப்பறைத் தரைக்கு வரும். தடுக்கும் வால்வை நம்பாதீர்கள். உப்பும் சுண்ணமும் படிந்து அது மூடாமற் போகும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையிட்டால், மட்டம் அங்கே இறங்கியவுடன் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அத்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மீன்களின் மூச்சுக்கு என்ன செய்வது? மின்சாரம் நின்றவுடன் தானே ஓடத் தொடங்கும் மின்கலக் காற்றுப் பம்புகள் கிடைக்கின்றன. மலைக் கிராமப் பள்ளி எதுவும் அது இல்லாமல் கடல்நீர்த் தொட்டி வைக்கலாகாது. காற்றைக் கொண்டு நீரைத் தூக்கும் பழைய முறை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீரில் மூழ்கிய செங்குத்துக் குழாயின் அடியில் காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால், உள்ளே காற்றும் நீரும் கலந்த கலவை இலேசாகிவிடும். வெளியேயுள்ள கனத்த நீர் அடியிலிருந்து அதை மேலே தள்ளும். சுழலியும் இல்லை, நீருக்குள் மின்சாரமும் இல்லை. சிறிதளவு உயரத்துக்கு மேல் ஏற்றாது என்பதே அதன் குறை. பொருள் குறைந்த பள்ளிக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

மின்சாரத்தைத் தொடும் முன் ஒரு வார்த்தை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பானும் சரியான எர்த்தும் இல்லாத இடத்தில் பம்பைப் பொருத்தவே வேண்டாம். மின்கம்பி சுவிட்சுப் பெட்டிக்கு ஏறுமுன் கீழே தொங்கி வளைந்து செல்லட்டும். வழிந்து வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். கையை நீரில் விடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பராமரிப்பு கடினமன்று. நாள்தோறும் ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுக. உப்பு ஆவியாவதில்லையாதலால் உப்புநீர் ஊற்றினால் செறிவு ஏறிவிடும். நம் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. சுத்திகரித்த நீரே நன்று. இதைச் செய்யாவிட்டால் கீழ்த்தொட்டியின் மட்டம் தாழ்ந்து பம்பு காற்றை உறிஞ்சும். பம்புக்கு நீரே எண்ணெய்; நீரின்றி ஓடினால் அச்சு தேய்ந்து சூடேறும்.

மூன்று மாதத்துக்கொரு முறை பம்பைக் கழற்றுங்கள். சுழலியின்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது கால்சியம் கார்பனேட். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால், கரியமில வாயு நுரைத்துக் கிளம்ப அது கரைந்து போகும். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்த அதே வினைதான். பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்னீரில் அலசுங்கள். சோப்பு ஆகாது. பீங்கான் அச்சை விரலில் உருட்டிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். கழுவிய பிறகும் பம்பு கடகடவென்று ஒலித்தால் சுழலியின் துளை தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதே வகைச் சுழலி ஒன்றையும் அச்சு ஒன்றையும் பம்பு வாங்கிய அன்றே வாங்கி வையுங்கள். பம்பு ஞாயிற்றுக்கிழமை இரவில் நிற்கும்போது அந்த உறுப்பு நம் ஊர்க் கடையில் கிடைக்காது.