பிள்ளைக்கு நகை வாங்கும்போது கொக்கியைப் பாருங்கள்

என் மகளுக்கு எட்டு மாதம் இருக்கும். ஒரு மதியம் பாயில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தின்பண்டம் எதுவும் இல்லை. வாயைத் திறந்து பார்த்தால், நாக்கின் மேல் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளிச் சலங்கை மணி. தாய்மாமன் சீராகப் போட்ட கொலுசிலிருந்து கழன்றது. காலைத் தூக்கி வாயில் வைத்துச் சப்பும் வயது அது. கொலுசைக் கழற்றி எண்ணினேன். ஒரு காலில் பதினொன்று, இன்னொரு காலில் ஒன்பது. ஒன்று என் உள்ளங்கையில் இருந்தது. மற்றொன்று வயிற்றுக்குள் இறங்கியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. தானாக வந்துவிடும் என்றார் மருத்துவர். இரண்டு நாள் கழித்து வந்தது. அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை.

கடையில் நாங்கள் எடை எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி உண்டா என்றெல்லாம் கேட்டோம். இந்த மணி எதில் தொங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒவ்வொரு மணியும் ஒரு சின்னக் கம்பி வளையத்தில் தொங்குகிறது. வளையத்தின் இரு முனைகளும் சும்மா ஒட்டி நிற்கின்றன, பற்றவைக்கப்படவில்லை. நகத்தால் நெம்பினாலே வாய் பிளக்கிறது. புதிதாக முளைத்த இரண்டு பல்லுக்கு அது ஒரு வேலையே இல்லை.

அதனால் குழந்தை நகையைக் கையில் வாங்கியதும் முதலில் இணைப்புகளைப் பாருங்கள். கொக்கி, வளையம், திருகு, கல் பதித்த இடம் என ஒவ்வொன்றையும் விரலால் இழுத்தும் திருகியும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மணி இல்லாத, கல் இல்லாத, ஒரே கம்பியாக வார்த்த நகைதான் சிறு பிள்ளைக்கு நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க, சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள உருளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 2.7 சென்டிமீட்டர். அதைவிடச் சற்றே பெரிய வட்டத்துக்குள் போகும் எதுவும் ஆபத்துதான். இந்தக் கணக்கில் பார்த்தால் மோதிரம், தோடு, திருகாணி, டாலர் எல்லாமே உள்ளே வந்துவிடும்.

கழுத்துக்கு மட்டும், என்னைக் கேட்டால், சரியான நகை என்று ஒன்று கிடையவே கிடையாது. செயின் மெல்லியதாக இருந்தால் அறுந்து டாலர் வாய்க்குப் போகும். உறுதியாக இருந்தால் எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கும். தூளியின் கொக்கி, கட்டில் சட்டம், கதவுக் கைப்பிடி என்று மாட்டுவதற்கு வீட்டில் எத்தனையோ இருக்கின்றன. தாயத்துக் கோத்த கறுப்புக் கயிற்றுக்கும் இதுவேதான். பல் முளைக்கும்போது வலி குறையும் என்று சொல்லி ஆம்பர் மணிமாலை விற்கிறார்கள். அமெரிக்காவில் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று தூக்கத்தில் அந்த மாலை கழுத்தை இறுக்கி இறந்தது. அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் அந்தச் சாவும் இடம்பெற்றது. விசேஷத்தில் போட்டோவுக்காகச் செயின் போட்டால், போட்டோ எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். தூங்கும் பிள்ளையின் கழுத்தில் ஒன்றுமே இருக்கக் கூடாது.

கைக்கும் இடுப்புக்கும் வேறு பிரச்சினை. பிறந்தபோது இருந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். காப்பு வளராது. தொட்டில் போட்ட நாளில் தளர்வாக ஆடிய காப்பு, நான்காம் மாதத்தில் மணிக்கட்டு மடிப்புக்குள் புதைந்து கிடக்கும். அடியில் பாலும் சோப்பும் வியர்வையும் தேங்கித் தோல் சிவந்து வெந்துபோகும். காப்புக்கும் கைக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் தாராளமாகப் போக வேண்டும். வாரம் ஒருமுறை குளிப்பாட்டும்போது பார்த்தால் போதும். அரைஞாண் கயிற்றில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். நனைந்த கயிற்றை அப்படியே விட்டால் அரிப்பும் படையும் வரும்.

வசம்பு வளையலைப் பற்றிச் சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். ஆனால் கையில் கட்டியது வாய்க்குத்தான் போகும். ஊறிய வசம்புத் துண்டு உடைந்தால் தொண்டையை அடைக்கும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். கண் திருஷ்டிக்கு என்றால் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வையுங்கள், போதும். சட்டையில் தாயத்தை ஊக்கு வைத்துக் குத்துவதையும் விட்டுவிடுங்கள். திறந்த ஊக்கை விழுங்கிய பிள்ளைக்குச் சலங்கை மணி போலக் காத்திருந்து பார்க்க முடியாது.

காது குத்துவதற்கு அவசரமே இல்லை. ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் தடுப்பூசிகளில் ரணஜன்னிக்கான மருந்தும் உண்டு. அந்த மூன்று தவணையும் முடிந்தபின் குத்தினால் மனதுக்கு நிம்மதி. மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் ஒரே நாளில் வைத்திருந்தாலும், குத்தும் கம்பி கிருமி நீக்கப்பட்டதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தோடு தட்டையாக, தொங்கட்டான் இல்லாமல் இருக்கட்டும். திருகாணியை இறுக்கி முடுக்க வேண்டாம். வீக்கம் வந்தால் அது சதைக்குள் புதைந்துவிடும். பின்பக்கம் கம்பி முனை துருத்திக்கொண்டிருந்தால், ஒருக்களித்துப் படுக்கும் குழந்தைக்குக் காதின் பின்னே குத்திக்கொண்டே இருக்கும். காரணம் தெரியாமல் நாம் கிரைப் வாட்டரைத் தேடுவோம்.

உலோகத்துக்கு வருவோம். குழந்தைக்கு 22 காரட் தங்கம் நல்லது. அதில் 91.6 சதவீதம் தங்கம், அதனால்தான் 916 என்ற முத்திரை. தங்க நகையில் பி.ஐ.எஸ். சின்னம், தூய்மை எண், ஆறு இலக்க அடையாள எண்ணான ஹெச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். ஹெச்.யு.ஐ.டி. எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பிறந்தநாளுக்கு நாம் போடும் அரை கிராம் மோதிரமும் பிள்ளைத் தோடும் பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் வருகின்றன. முத்திரை இல்லாத சின்ன நகையை, தெரிந்த கடையில் பில்லோடு மட்டும் வாங்குங்கள். மோதிரத்தைப் பீரோவில் வையுங்கள். குட்டி விரல் வீங்கினால் அது மாட்டிக்கொள்ளும், அல்லது நழுவி வாய்க்குப் போகும்.

கவரிங் நகையில் முலாம் தேய்ந்ததும் அடியிலுள்ள செம்பும் பித்தளையும் தோலைத் தொடும். நிக்கல் கலந்திருந்தால் காது நீர் வடிந்து புண்ணாகும். ஜெர்மன் சில்வர் என்பதில் பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். திருவிழாக் கடைகளில் கிடைக்கும் கனமான, மங்கலான சாம்பல் நிற டாலர்களைக் கண்டால் எனக்கு இன்னும் பயம். 2006இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் நான்கு வயதுச் சிறுவன் இதய வடிவ டாலர் ஒன்றை விழுங்கி, ஈய நஞ்சால் இறந்தான். ஏறக்குறைய முழுவதும் ஈயத்தால் ஆன டாலர் அது. மின்னும் விளக்கு வைத்த பொம்மை மோதிரங்களில் பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். பேட்டரியோ காந்தமோ உள்ளே போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தொண்டையில் அடைத்துக்கொண்டு, குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். இருமல் வரவில்லை, அழுகை வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் தலை தாழக் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். பிறகு நிமிர்த்தி, நெஞ்சின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108க்கு அழைக்கட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

சலங்கை மணி வயிற்றிலிருந்து வந்த மறுநாள் கொலுசை எடுத்து மறைத்து வைத்தேன். என் மாமியார், “பொம்பளப் புள்ள கால் மூளியா இருக்கலாமா தாயி?” என்று தவித்துப் போனார். அவர் தவிப்பும் பாசம்தானே. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு இளையவன் என்பதைப் பிள்ளைப் பருவத்து நகைகளை வைத்துத்தான் சொல்கிறார். பிள்ளைக்கு நகை பூட்டுவது அவ்வளவு பழைய வழக்கம். இருவருமாகப் பேசி, கொலுசை எங்கள் தெருப் பத்தரிடம் கொண்டுபோனோம். இருபது மணியையும் கழற்றி, கொக்கி வளையத்தைப் பற்றவைத்து, முனையை அரத்தால் ராவித் தந்தார். மணிகள் பொட்டலமாகப் பீரோவில் இருக்கின்றன. கொலுசை இப்போது பகலில் மட்டும், யாராவது பக்கத்தில் இருக்கும்போது போடுகிறோம். தூளியில் போடும் முன் மாமியாரே கழற்றி எடுத்து வைக்கிறார்.