வேனுக்குள் கியாஸ் அடுப்பு! உல்லாசப் பயணம் உயிருக்கு உலை வைக்கலாமா?

லீவு விட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் குவியும் குடும்பங்கள்
சமைக்க ஒரு கொட்டகை, குளிக்க ஒரு குழாய் கிடைக்குமா?

கம்பம்–

பொழுது இன்னும் முழுசாக விடியவில்லை. லோயர்கேம்ப் ரோட்டு ஓரத்தில் ஒரு வேன் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. முதலில் இறங்குவது ஆள் அல்ல. கியாஸ் அடுப்பு!

அடுத்து சிலிண்டர். அதற்கடுத்து அண்டா, குண்டா, தண்ணீர்க் கேன், வெங்காயச் சாக்கு. எல்லாம் இறங்கிய பிறகுதான் பாட்டி இறங்குகிறார்.

"ஏத்தா, ரவைய எங்க வச்ச?"

"சீட்டுக்கு அடியில பாருங்க மதினி. சிலிண்டருக்குப் பக்கத்துலதான் இருக்கு."

கால் மணி நேரத்தில் உப்புமா வாசம் ஊரைத் தூக்குகிறது. பிள்ளைகள் பல் தேய்த்துக்கொண்டே குமுளி மலையை அண்ணாந்து பார்க்கின்றன. டிரைவர் மட்டும் ஸ்டியரிங்கில் தலை வைத்து ஒரு கோழித்தூக்கம் போடுகிறார். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர் அவர்தான். இன்னும் சற்று நேரத்தில் மலை ஏற்றப் போகிறவரும் அவர்தான்.

சனி, ஞாயிறு, பரீட்சை லீவு, சபரிமலை சீசன் என்றால் கம்பத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சுருளி அருவியில் ஒரு குளியல். திராட்சைத் தோட்டத்தில் ஒரு போட்டோ. பென்னிகுக் மணிமண்டபத்தில் ஒரு கும்பிடு. தேக்கடியில் படகு. நேரமும் காசும் மிச்சமிருந்தால் கொச்சி போய் ராட்டினம், செயற்கை அலை. இதுதான் இன்றைய நடுத்தரக் குடும்பத்தின் உல்லாசப் பயணம்.

வேனே வீடு!

பதினைந்து பேர் கொண்ட குடும்பம் ஓட்டலில் மூன்று வேளை சாப்பிட்டால் என்ன ஆகும்? லாட்ஜில் நான்கு ரூம் போட்டால் என்ன ஆகும்? கணக்குப் பார்த்த குடும்பத் தலைவர், "வேனை எடு, அடுப்பை ஏத்து" என்று சொல்லிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. குமாஸ்தா சம்பளத்திலும் கடை வருமானத்திலும் பிள்ளைகளுக்கு ஊர் காட்ட வேறு வழி இல்லை.

அந்தக் காலத்தில் மெட்டாடர் வேன். இன்று டிராவலர் வேன். வண்டிதான் மாறியிருக்கிறது. சீட்டுக்கு அடியில் இருக்கும் சிலிண்டர் மாறவில்லை. வினையே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் எப்படி?

வண்டியையே வீடாக்கிக் கொள்வது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கோத்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். அதற்கு 'டிரெய்லர்' என்று பெயர்.

கலிபோர்னியாவில் 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தார்கள். இன்றைய உல்லாசப் பூங்காக்கள் பலவற்றுக்கு அதுதான் அண்ணன். 1971-ல் புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு வந்தபோது, டிரெய்லரில் வரும் குடும்பங்கள் தங்குவதற்கென்றே பூங்கா வளாகத்திலேயே ஒரு முகாமும் திறந்தார்கள். வண்டியை நிறுத்த இடம், கரண்ட், தண்ணீர், சாக்கடை இணைப்பு எல்லாம் தயார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த டிரெய்லர்களில் கியாஸ் சிலிண்டரைப் பெரும்பாலும் வெளியே, இழுக்கும் கம்பியின் மேல்தான் பொருத்தியிருப்பார்கள். கசிந்தால் காற்றோடு போய்விடும். இங்கேயோ அது பாட்டியின் காலடியில் கிடக்கிறது!

பக்கத்து மாநிலத்தில் கேரவன்

அமெரிக்கா வரை போவானேன்? கம்பத்திலிருந்து மலை ஏறினால் கேரளா. அந்த மாநில அரசு 2021 செப்டம்பரில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. குமுளி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை வழியே போனால் வாகமண் வந்துவிடும்.

ஆனால் கேரவன் என்றாலே ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் ரோட்டு ஓரம் நின்றுகொண்டிருந்த கேரவனுக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். வெட்டு இல்லை, குத்து இல்லை. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உள்ளே புகுந்து ஆளைக் கொன்றுவிட்டது. இந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டு வேனுக்குள் படுக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. குளிருக்கு உள்ளே கரி அடுப்பு வைப்பதும் அதே எமனை விருந்துக்கு அழைப்பதுதான்.

மதுரையில் கருகிய 9 உயிர்

2023 ஆகஸ்டு 26. மதுரை ரெயில் நிலையம் அருகே தனியாகக் கழற்றி நிறுத்தப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி. உள்ளே உத்தரப் பிரதேசத்தில் இருந்து வந்த பக்தர்கள். 17-ந்தேதி லக்னோவில் புறப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பெட்டிதான் அத்தனை நாளும் அவர்களுக்கு வீடு.

அதிகாலை 5 மணி தாண்டியதும் டீ போட அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்கள். குபீர் என்று தீ! பெட்டியே ஜுவாலையாக எரிந்தது. 9 பேர் உடல் கருகி பரிதாபமாக இறந்தார்கள். ரெயிலில் கியாஸ் சிலிண்டர் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மீறி ஏறிய சிலிண்டர் 9 பேரைக் கொண்டுபோய்விட்டது.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கைச்சமையல்தான் சரி என்று நினைத்தவர்கள். லோயர்கேம்ப்பில் உப்புமா கிண்டுகிற பாட்டி நினைப்பதும் அதையேதான்.

தரையில் தவழும் கியாஸ்

சமையல் கியாஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து, சீட்டுக்கு அடியில் தேங்கி நிற்கும். மேலே ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. கசிவு தெரிய வேண்டும் என்றுதான் அதில் நாற்றம் கலக்கிறார்கள். ஆனால் வேனுக்குள் டீசல் வாடை, வாந்தி வாடை, மல்லிகைப்பூ வாடை எல்லாம் சேர்ந்து வீசும்போது அந்த நாற்றம் யார் மூக்குக்கு எட்டும்? ஒரு தீக்குச்சி போதும். ஒரு ஸ்விட்ச் போதும்.

மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் தளர்ந்து போவதற்கு அதிக நேரம் ஆகாது.

மலைப்பாதையில் எமன்

லோயர்கேம்ப்பில் இருந்து குமுளி 6 கிலோ மீட்டர்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளும் கிடுகிடு பள்ளங்களும் நிறைந்த 6 கிலோ மீட்டர் அது. 2022 டிசம்பர் 23-ந்தேதி இரவு, சபரிமலைக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய ஆண்டிபட்டி பக்கத்து பக்தர்களின் கார் இந்தப் பாதையில் பள்ளத்தில் பாய்ந்தது. 8 பேர் பலியானார்கள். வீட்டுக்கு வர இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

"ஏறின கியர்லயே எறங்கணும்ணே" என்பது மலை டிரைவர்களின் பால பாடம். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறும். சூடேறினால் பிடிக்காது. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போடிமெட்டுக்கும் இதே பாடம்தான். அங்கே 17 கொண்டை ஊசி வளைவுகள்.

ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவரை அப்படியே மலை ஏறச் சொல்வது, கொலைக்குக் கூலி கொடுப்பது மாதிரி. சபரிமலை சீசனில் போலீசார் ஏறுகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், இறங்குகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். "சுத்திப் போகச் சொல்றாங்களே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். சுற்றிப் போனாலும் போய்ச் சேரலாம்.

காடு, தண்ணீர், தீ

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ந்தேதி படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். 2023 மே 27-ந்தேதி அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளேயே புகுந்து தெருத்தெருவாக ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 144 தடை உத்தரவே போட வேண்டியதாயிற்று. ஜூன் 5-ந்தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்த பிறகுதான் ஊர் மூச்சுவிட்டது.

ஆகவே காட்டு ஓரத்தில் வேனை நிறுத்தி வெளியே பாய் விரிப்பது ஆகாத காரியம். சுருளியில் வெள்ளம் என்று வனத்துறை தடை போட்டால், "அவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று தகராறு செய்யாமல் வண்டியைத் திருப்ப வேண்டும். அருவி அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

ராட்டினம் ஏறும் முன்

பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு உல்லாசப் பூங்கா என்றால் ஆதியில் வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழாதான். எட்டு நாளும் ராட்டினம் சுற்றும். இப்போது மதுரை பரவையில் அதிசயம், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என்று வந்துவிட்டது. கொச்சி அருகே பள்ளிக்கரையில் 2000-ல் வீகாலேண்ட் என்று திறந்த பூங்காதான் இன்றைய வொண்டர்லா.

அங்கே போகிற கம்பத்துக்காரர் முதலில் ஏமாறுவது வாசலில்தான். பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கட்டிய புளியோதரையை வேன் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்று சாப்பிட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். இரண்டாவது, உயரக் கணக்கு. இன்ன உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளையை ஏற்றக் கூடாது என்று போர்டு இருக்கும். "எம்புள்ள பயப்படமாட்டான் சார்" என்று ஊழியரிடம் கெஞ்சக் கூடாது. இடுப்பில் கட்டும் பெல்ட் குழந்தைக்குப் பொருந்தாது என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு.

2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு பூங்காவில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுவிட்டது. 30-க்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் உயரத்தில் தவித்தார்கள். தீயணைப்பு வீரர்கள்தான் பத்திரமாக இறக்கினார்கள். எந்த எந்திரமும் நிற்கும். நின்றால் பெல்ட்டை அவிழ்க்காமல் உட்கார்ந்திருப்பவர் பிழைப்பார். அவசரப்படுகிறவருக்குத்தான் ஆபத்து.

கொட்டகை ஒன்று போதும்

கேரவன் பூங்கா பணக்காரர்களுக்கு. அதை இங்கே யாரும் கேட்கவில்லை. வேனில் வரும் ஏழை பாழைகளுக்கு வேண்டியது நான்கே சங்கதிகள். மேலே கூரை போட்ட ஒரு சமையல் கொட்டகை. தண்ணீர்க் குழாய். பெண்கள் கூச்சமில்லாமல் போய்வரக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள கக்கூஸ். டிரைவர் நாலு மணி நேரம் படுக்க ஒரு திண்ணை.

கம்பத்திலும் கூடலூரிலும் நகராட்சிகள் இருக்கின்றன. பள்ளத்தாக்கு வழியாகப் போகும் ஒவ்வொரு வேனும் இங்கே டீசல் போடுகிறது. பன்னீர் திராட்சை வாங்குகிறது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தத் திராட்சைக்கு வெளியூரிலும் பெயர். வருகிறவர்களால் ஊருக்கு வருமானம் உண்டு. வாகனத்துக்குச் சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கொட்டகையை நடத்தினால், அடுப்பு வேனை விட்டு இறங்கிவிடும். ரோட்டு ஓரம் எச்சில் இலையும் சேராது. கூட்டம் கூடுகிற மற்ற ஊர்களும் இதைச் செய்யலாம்.

அதுவரை ஜனங்கள் செய்ய வேண்டியது:

* சிலிண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை, இட்லிப்பொடி தடவிய இட்லி, மறுநாளுக்குச் சப்பாத்தி. பாட்டி காலத்துக் கட்டுச்சோறு கெட்டுப் போகவில்லை.

* வேனுக்குள் அடுப்புப் பற்ற வைக்காதீர்கள். மழை பெய்தாலும் சரி, பிள்ளை பாலுக்கு அழுதாலும் சரி. பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும்.

* சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு ஆளும் பிரேக்குக்குப் பாரம்.

* டிரைவருக்கும் ஒரு இலை போடுங்கள். அவர் தூங்கி எழுந்த பிறகு புறப்படுங்கள். கோவில் நடை சாத்தினால் மறுநாள் திறக்கும்.

பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்றுதான் பெற்றவர்கள் கடன் வாங்கியாவது வேன் பிடிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே வீடு வந்து சேர வேண்டும்.

லோயர்கேம்ப்பில் உப்புமா ஆறிவிட்டது. பாத்திரம் கழுவியாகிவிட்டது. சூடு தணியாத அடுப்பும், பாதி தீர்ந்த சிலிண்டரும் மறுபடி சீட்டுக்கு அடியில் போகின்றன. டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாவியைத் திருகுகிறார். வேன் மலையைப் பார்த்துக் கிளம்புகிறது. பின் ஜன்னலில் ஒரு குழந்தை கை காட்டுகிறது.