பேனரில் எழுத முடியாத வேலை

மாவட்டத் தலைநகரில் ஒரு கலைக் கல்லூரி. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வாசலில் பதிவு வரிசை நீள்கிறது. எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் ஜெராக்ஸ் எடுத்த பயோடேட்டா. உள்ளே வகுப்பறைக்கு ஒரு கம்பெனி. ‘ஐ.டி.ஐ., டிப்ளமோ; தங்குமிடம், பஸ் வசதி உண்டு’ என்று பேனர் கட்டிய தொழிற்சாலையின் அறைக்கு முன்னால் தாழ்வாரம் வரை கூட்டம். நாலு அறை தள்ளி, லேப்டாப்பைத் திறந்துவைத்து இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கிய மென்பொருள் நிறுவனம். எட்டிப் பார்க்கும் சிலரும், “ஆபீஸ் எங்க சார்? பி.எஃப். பிடிப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு நகர்கிறார்கள்.

வேலைவாய்ப்பு முகாம்களில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான். இதை வைத்து ‘ஸ்டார்ட்அப்புக்கு முகாமால் பயனில்லை’ என்று முடிவுகட்டுவது அவசரம். எந்த வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

முகாம் என்பது எண்ணிக்கைக்காக அமைந்த ஏற்பாடு. தொழிற்சாலைக்கு ஒரே மாதிரியான இருநூறு பேர் வேண்டும். இருபது பேர் வராமல் போனாலும் லைன் ஓடும். ஐந்து பேர் கொண்ட நிறுவனத்தின் கணக்கு வேறு. ஆறாவதாகச் சேர்பவர் கம்பெனியில் ஆறில் ஒரு பங்கு. காலையில் கோடு எழுதுவார், மதியம் வாடிக்கையாளரிடம் பேசுவார், சாயங்காலம் பில் போடுவார். இப்படிப்பட்ட வேலையை எந்தப் பேனரில் எழுதுவது? ஏர்பிஎன்பி நிறுவனர் பிரையன் செஸ்கி, முதல் இன்ஜினீயரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டதாக 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் பேசும்போது சொன்னார். மாதக்கணக்கில் பார்த்து எடுக்க வேண்டிய ஆளைப் பத்து நிமிட நேர்காணலில் எடுக்க முடியாது. முதல் சில நாற்காலிகள் நண்பர்கள், பழைய சகாக்கள், தெரிந்தவர்களின் சிபாரிசு வழியாகவே நிரம்புவதற்குக் காரணம் இதுதான்.

அதற்கடுத்த நாற்காலிகளுக்கு அந்த வழி போதாது. வாடிக்கையாளர் சேவை, டெஸ்டிங், விற்பனை, பயிற்சி நிலை புரோகிராமர் என்று ஆள் தேவைப்படும்போது தெரிந்தவர் வட்டம் வற்றிவிடும். தெரிந்தவர் மூலமாகவே எடுத்தால் ஒரே கல்லூரி, ஒரே ஊர், ஒரே மாதிரி ஆட்களே வருவார்கள். முகாமின் பயன் இங்கேதான். சென்னை ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸுக்கு வராத கல்லூரியில் படித்தவர்கள், சிபாரிசுக்கு ஆளில்லாதவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். பட்டத்தைப் பார்க்காமல் ஆள் எடுக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. ஸோஹோ நிறுவனம் பல ஆண்டுகளாக, பள்ளிப் படிப்பு முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துவருகிறது.

ஆனால் பயோடேட்டா கட்டை அள்ளிக்கொண்டு வருவதால் ஒன்றும் ஆகாது. அதில் எல்லோரும் ‘கடின உழைப்பாளி’தான். வேலையிலிருந்தே ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சேவைப் பிரிவுக்கு ஆள் என்றால், இப்படி ஒரு மெயில்: ‘நேற்றே பணம் கட்டிவிட்டேன். ரசீது வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஆடிட்டருக்கு அனுப்பியாக வேண்டும்.’ பதில் எழுத இருபது நிமிடம். ஒருவர் பக்கம் பக்கமாக வருத்தம் தெரிவிப்பார். இன்னொருவர், பணம் கட்டிய பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு, எத்தனை மணிக்குள் ரசீது வரும் என்று நாலு வரியில் சொல்லிவிடுவார். அவருடைய ஆங்கிலத்தில் பிழை இருக்கலாம், அதைத் திருத்திக்கொள்ளலாம். முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறதே, அதற்குத்தான் சம்பளம். பிடித்தவர்களை அன்று மாலையே போனில் அழைத்துவிடுவதும் முக்கியம். ‘அடுத்த வாரம் சொல்கிறோம்’ என்றால், அதற்குள் அவர் வேறெங்காவது சேர்ந்திருப்பார்.

வேலை தேடுபவர்களும் கேள்வி கேட்கப் பழக வேண்டும். ‘பி.எஃப். உண்டா?’ நியாயமான கேள்விதான். பொதுவாக இருபது பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு அது கட்டாயமில்லை என்பதையும் தெரிந்துவைத்திருந்தால், இல்லை என்றவுடன் மோசடி என்று பதற வேண்டியதில்லை. பிரைவேட் லிமிடெட் என்று சொன்னால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ‘இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது?’ என்று நேராகவே கேட்கலாம். நல்ல நிறுவனர் கோபப்பட மாட்டார். சம்பளத்தில் ஒரு பகுதிக்குப் பங்கு தருகிறோம் என்றால், எப்போது கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஊழியர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அந்த உயரத்துக்குப் போகாத நிறுவனங்களே அதிகம். ஆகவே பங்கை நம்பி வாடகை பேசக்கூடாது. டெபாசிட் கட்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடு என்று யாராவது கேட்டால், அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுவதே நல்லது.

முகாம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாலையில் மேடை போட்டு, பணி நியமன ஆணைகளைச் சிலருக்குக் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். ‘இத்தனை பேருக்கு வேலை’ என்று மறுநாள் செய்தி வருகிறது. அது ஆணைகளின் எண்ணிக்கைதான். எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள் என்பதையும் அதே மேடையின் பெயரில் வெளியிடட்டும். எந்த நிறுவனத்துக்கு அடுத்த முறை அறை ஒதுக்கலாம், எதற்கு ஒதுக்கக்கூடாது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.