குழந்தையின் கழுத்தில் ஐந்து ஆயுதங்கள்

முள்ளியவளை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பேரனுக்கு 31ஆம் நாள் பஞ்சாயுதப் பதக்கம் போட்டபோது, பச்சைப் பிள்ளைக்கு வாளும் வில்லும் எதற்கு என்று மருமகள் கேட்டாராம்.

சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தும் திருமாலின் படைகள். காக்கும் கடவுளின் ஆயுதங்கள் குழந்தையையும் காக்கும் என்பது நம்பிக்கை. சைவ வீடுகளிலும் போடுவார்கள். சிங்களப் பௌத்தக் குழந்தைகளும் அணிவார்கள். சீனாவிலோ குழந்தையின் உயிர் நழுவாதிருக்க வெள்ளிப் பூட்டு ஒன்றைக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். நூறு வீடுகளில் காசு சேர்த்து அதைச் செய்வதும் உண்டு.

பழந்தமிழில் பஞ்சாயுதத்தின் பெயர் ஐம்படைத்தாலி. புறநானூற்றின் 77ஆம் பாட்டில், போர்க்களத்தில் நிற்கும் பாண்டியன் நெடுஞ்செழியனைக் கண்டு இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். கிண்கிணி கழற்றிய காலில் வீரக்கழல். பால் மறந்து சோறு உண்டது அன்றுதான். தாலியை இன்னும் கழற்றவில்லை. அது ஐம்படைத்தாலி என்கின்றன உரைகள். அப்படியானால் கையில் போர்வில், கழுத்தில் தாய் கட்டிய பொன்வில். காவல் தேவைப்படும் வயதிலேயே காவலனாகிவிட்ட பிள்ளை! இந்தப் பாட்டை நினைக்காமல் என்னால் ஒரு பஞ்சாயுதத்தையும் பார்க்க முடிவதில்லை.

கைவேலையாகச் செய்யும் பத்தர் பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, அச்சில் அழுத்தி உருவெடுப்பார். பின்புறக் குழியில் அரக்கை நிரப்பி, சிற்றுளியால் ஒவ்வோர் ஆயுதத்தையும் தெளிவாக்குவார். பொடி வைத்து ஊதி வளையத்தை ஒட்டுவார். சங்குக்குக் கிடைப்பது குன்றிமணியளவு இடம். அதற்குள் சுழி தெரிந்தால்தான் சங்கு. தெரியாவிட்டால் வெறும் மேடு.

இன்று கடைகளில் கிடைக்கும் இயந்திர வேலையில் வாள் எது, கதை எது என்றே பல நேரம் தெரிவதில்லை. வன்னியிலோ இடப்பெயர்வுகளிலும் 2009 இறுதிப் போரிலும் எத்தனையோ வீட்டு நகைகள் தொலைந்தன, அடகில் மூழ்கின, அரிசியாக மாறின. தப்பி வந்ததையும் பழைய தங்கமென்று உருக்கக் கொடுக்கிறோம். தராசு பொன்னை மட்டுமே நிறுக்கும்; செய்தவரின் கைத்திறனுக்கு அங்கே விலையில்லை.

உருக்கித்தான் ஆகவேண்டுமென்றால், முதலில் இருபுறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். யார் போட்டது, எந்தப் பத்தர் செய்தது என்று எழுதி வையுங்கள். புதிதாகச் செய்வதென்றால் ஊர்ப் பத்தரிடம் கொடுங்கள். ஐந்து ஆயுதமும் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.