ஸ்டேட்டஸ் வழக்கானால் வேலை என்னாகும்?

2023 மார்ச்சில் ஒரு பொய் திருப்பூர் வட்டாரத்தையே உலுக்கியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று, வேறெங்கோ நடந்த சண்டைக் காணொளிகள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் பலர் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார்கள். பீகார் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. பொய்க் காணொளி வழக்கில் சிக்கிய யூடியூபர் மணீஷ் காஷ்யப் அந்த மாதமே சரணடைந்தார். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அவரை அடைத்த உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நவம்பரில் ரத்து செய்தது. அவர் வெளியே வந்தபோது டிசம்பர்.

யூடியூபருக்கு மட்டுமல்ல, சாதாரண ஒரு ஸ்டேட்டஸுக்கும் வழக்கு வரலாம். திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் டெய்லர் வேலைக்கோ செக்கிங் வேலைக்கோ ஆள் எடுக்கும்போது யாரும் இன்ஸ்டாகிராமைப் பார்ப்பதில்லை. அந்தத் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை காவலர் தேர்வு எழுதும்போதுதான் சிக்கல். சாதிப் பெருமை பேசி, அடுத்த சாதியை மிரட்டி வைத்த ஸ்டேட்டஸ், பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவில் வழக்காகலாம். தண்டனை மூன்றாண்டு வரை. தண்டனை வேண்டாம், வழக்கு நிலுவையில் இருந்தாலே போதும்: தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(பி) கதவை மூடிவிடும். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தாலும் அந்த விதி ‘வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே கருதுகிறது. பதினெட்டு வயதில் செய்த ஒரு முட்டாள்தனத்துக்கு இது மிகக் கடுமையான விலை என்பதே என் எண்ணம்.

பயந்து வழக்கை மறைப்பது இன்னும் ஆபத்து. அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னது இதுதான்: விண்ணப்பத்தில் உண்மையை எழுதியவரின் சிறு குற்றத்தை, வயதையும் பதவியையும் பார்த்து வேலை தருபவர் மன்னிக்கலாம். பெரிய வழக்கைத் தெரிந்தே மறைத்தவரை நீக்கலாம்.

சமூக ஊடகப் பதிவின் விளைவு வெளிநாட்டுப் படிப்பு வரை தொடர்கிறது. ஆபாச, இனவெறி மீம்களைப் பகிர்ந்ததற்காக, இடம் கிடைத்த பத்துப் பேரையாவது ஹார்வர்டு 2017-ல் திருப்பி அனுப்பியது. 2025 ஜூன் முதல் அமெரிக்க மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பூட்டாமல் திறந்து வைக்க வேண்டும். விசா படிவத்தில், கடந்த ஐந்தாண்டில் பயன்படுத்திய கணக்குகளின் பெயர்களையும் எழுத வேண்டும்.

பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயதுக்குள் வந்த வழக்கு, பொதுவாகப் பிற்கால வேலைக்குத் தகுதியிழப்பு ஆகாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24 அதைத் தடுக்கிறது. சரிபார்ப்பில் அந்த வழக்கைக் காரணம் காட்டி நிராகரித்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.